ஒளி போகும் வழியில் ரத்தம் இல்லை

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மனிதக் கண்ணின் அமைப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகங்களைக் குறித்து நாம் எல்லாரும் மதிப்பெண் வாங்கிய பாடம்தான். அதையே மறுபடி ஒப்பிக்க எனக்கு விருப்பமில்லை. ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு கண்ணின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை போய்ப் பார்ப்போம்.

நம் உடம்பில் எங்கே கீறினாலும் ரத்தம் வருகிறது. நகம், முடி, மூட்டுக் குருத்தெலும்பு என்று சில இடங்களை விட்டுவிடுங்கள். மற்றபடி சதைக்குச் சத்தும் பிராணவாயுவும் கொண்டுபோவது ரத்தம்தான். அது போகாத சதை செத்துப்போகும். ஆனால் ரத்தம் ஒளியைத் தடுக்கும். அப்படியானால், சதையால் ஆன கண் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒளியை எப்படி உள்ளே விடுகிறது?

ரத்தத்தை வழியிலிருந்து ஒதுக்கிவைத்துத்தான் விடுகிறது. கண்ணின் கட்டமைப்பில் வினோதமாகத் தோன்றும் பல விஷயங்களுக்கு இந்த ஏற்பாடே காரணம். கண்ணுக்கு வரும் பெரிய நோய்கள் பலவும் இந்த ஏற்பாட்டுக்குக் கொடுக்கிற விலை. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் விவரம்.

மேசையில் தட்டுக்குள் இருப்பது ஆட்டுக்கண். காலையில் கறிக்கடையில் வாங்கினேன். பார்க்கப் பிடிக்காதவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அதுவும் பெரிய காட்சி ஒன்றும் இல்லை.

வெளியே சுற்றியிருக்கும் வெள்ளைத் தோலைப் பாருங்கள். கத்தரிக்கோல் வழுக்குகிறது, அழுத்தித்தான் வெட்ட வேண்டியிருக்கிறது. இது ஸ்கிளீரா. கொலாஜன் என்ற நார்ப்புரதத்தால் ஆனது. முன்பக்கம் வரும்போது இதே ஓடு திடீரென்று தெளிந்து கார்னியா ஆகிறது. அதற்கும் மூலப்பொருள் அதே கொலாஜன்தான். மருத்துவமனைகளில் ‘கருவிழி மாற்று’ என்று சொல்வது இந்தக் கார்னியாவை மாற்றுவதைத்தான். அதற்குச் சொந்த நிறம் கிடையாது, நாம் பார்க்கும் கறுப்பும் பழுப்பும் அதற்குப் பின்னால் இருக்கும் ஐரிஸுடையவை.

ஒரே பொருள் ஓரிடத்தில் வெள்ளையாகவும் பக்கத்திலேயே கண்ணாடியாகவும் இருப்பது எப்படி? அடுக்கு முறையில் இருக்கிறது சூட்சுமம். ஸ்கிளீராவில் நார்கள் தடிமனும் மெலிவுமாக, கண்டபடி கிடக்கின்றன; ஒளி அவற்றில் பட்டுச் சிதறி வெள்ளையாகிறது. கார்னியாவில் நார்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பருமன். ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே இடைவெளி. அப்படிப்பட்ட தகடுகள் 200 அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக, அரை மில்லிமீட்டர் தடிமனுக்குள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொரு நாரும் சிதறடிக்கும் ஒளியைப் பக்கத்து நார் சிதறடிக்கும் ஒளி ரத்து செய்துவிடுகிறது. நேராகப் போகும் ஒளி மட்டும் மிஞ்சுகிறது. 1957-இல் டேவிட் மாரிஸ் என்ற விஞ்ஞானி இந்த விளக்கத்தைத் தந்தார். பின்னால் வந்தவர்கள் திருத்தினார்களே தவிர, அடிப்படை அப்படியே நிற்கிறது.

இந்த ஒழுங்குக்கு நடுவே ஒரு ரத்தக் குழாய் ஓடினால் எல்லாம் கெட்டது. ஆகவே கார்னியாவில் ரத்தக் குழாய் இல்லை. பிராணவாயுவை அது வெளிக்காற்றிலிருந்து, கண்ணீர்ப் படலத்தின் வழியாக நேரடியாக எடுத்துக்கொள்கிறது. தூங்கும்போது இமையின் உள்பக்கத்து ரத்தக் குழாய்கள் ஓரளவு ஈடுகட்டுகின்றன. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றாமல் தூங்காதீர்கள் என்று டாக்டர்கள் திட்டுவதற்கு ஒரு காரணம் இதுதான். கிருமித் தொற்று ஒருபுறமிருக்க, பிராணவாயு இல்லாமல் தவிக்கும் கார்னியாவுக்குள் ஓரத்திலிருந்து ரத்தக் குழாய்கள் முளைத்து நுழைய ஆரம்பிக்கும். உதவிக்கு வருகிற குழாய்தான்; வந்த இடம் மங்கிப்போகிறது.

இப்போது இந்த ஆட்டுக்கண்ணின் கார்னியாவை உற்றுப் பாருங்கள். காலையில் பளபளவென்று இருந்தது. இப்போது லேசாகப் பால் படிந்த மாதிரி ஆகிவிட்டது. கார்னியாவின் உள்புறத்தில் ஒற்றை அடுக்காக அறுகோணச் செல்கள் உண்டு, எண்டோதீலியம் என்று பெயர். கார்னியா எப்போதும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளப் பார்க்கும். உறிஞ்சினால் நார்களின் இடைவெளி கலைந்துவிடும். இந்தச் செல்கள் இரவு பகலாகத் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கின்றன. ஆடு செத்தது, இறைப்பு நின்றது, கார்னியா ஊறுகிறது. மனிதருக்கு இந்தச் செல்கள் இளமையில் சதுர மில்லிமீட்டருக்கு 3000 அளவில் இருக்கும். வாழ்நாளில் அவை பெருகுவதில்லை. ஒன்று செத்தால் பக்கத்தில் இருப்பது விரிந்து இடத்தை நிரப்பும், அவ்வளவுதான். ஃபுக்ஸ் நோய் என்ற கோளாறில் இவை சீக்கிரமே குறைந்துவிடுகின்றன. அந்த நோயாளிகள், “காலையில் எழுந்தால் புகைமூட்டம், மத்தியானத்துக்குள் தெளிந்துவிடுகிறது” என்பார்கள். இரவில் மூடிய இமைக்குள் ஊறிய தண்ணீர், கண் திறந்தபின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. அதனால் வரும் தெளிவு அது.

கண்தானம் செய்தவரின் கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று சொல்வது இந்த ஒற்றை அடுக்குச் செல்களைக் காப்பாற்றத்தான். ரத்தம் இல்லாததால் இங்கே ஒரு லாபமும் உண்டு. நம் எதிர்ப்புச் சக்தியின் காவல் ரத்தத்தோடு சுற்றுகிறது. ரத்தம் வராத இடத்துக்கு அது எளிதில் வராது. அதனால் சாதாரணமாக ரத்த வகைகூடப் பார்க்காமல் ஒருவருடைய கார்னியாவை இன்னொருவருக்குப் பொருத்துகிறார்கள். 1905 டிசம்பர் 7 அன்று, இன்று செக் நாட்டில் இருக்கும் ஓலோமோட்ஸ் நகரில் எட்வர்ட் ஸிர்ம் என்ற டாக்டர், சுண்ணாம்பு பட்டு இரண்டு கண்ணும் வெந்துபோன ஒரு கூலித் தொழிலாளிக்குக் கார்னியா பொருத்தினார். இரும்புத் துண்டு பாய்ந்ததால் அகற்ற வேண்டியிருந்த ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து எடுத்தது அது. ஒரு கண்ணில் பொருத்தியது தெளிவாகவே நின்றது. சிறுநீரக மாற்று வெற்றி பெற 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர், சர்க்கரை நோய் உள்ளவர் யாரும் கண்தானம் செய்யலாம். ‘என் கண் எதற்கு ஆகும்’ என்று தயங்க வேண்டாம்.

இன்னொன்று: ஒளியைக் குவிப்பது லென்ஸ் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கண்ணின் மொத்தக் குவிதிறன் சுமார் 60 டயாப்டர் என்றால் அதில் 43 அளவுக்குக் கார்னியாவுடையது. கிணற்றில் மூழ்கிக் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கலாகத் தெரிவது, தண்ணீருக்கும் கார்னியாவுக்கும் ஒளிவிலகலில் அதிக வித்தியாசம் இல்லாததால், அந்த 43-இல் பெரும்பகுதி காணாமல் போவதால். அந்தமான் கடலில் மோக்கன் என்ற கடலோடிச் சமூகத்தின் குழந்தைகள் தண்ணீருக்கடியில் கண்ணின் நடுத்துளையைச் சுருக்கிப் பழகி, ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரண்டு மடங்கு நுணுக்கமாகப் பார்ப்பதை 2003-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ரத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எனக்குப் பிடித்த செய்தி என்பதால் சொன்னேன்.

கார்னியாவைக் கிழிக்கிறேன். வடிகிறதே, இந்தத் தண்ணீர்தான் கண்ணின் முன்னறை நீர். கார்னியாவின் உள்பக்கத்துக்கும் லென்ஸுக்கும் ரத்தம் கிடையாது, யார் ஊட்டுவது? இந்த நீர்தான். ஐரிஸுக்குப் பின்னால் வளையமாக இருக்கும் சிலியரி உறுப்பு ரத்தத்திலிருந்தே இதைத் தயாரிக்கிறது. சிவப்பணுவை நிறுத்திவிடும், புரதத்தையும் ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிடும். புரதம் கலந்தால் ஒளி சிதறும். கண்ணுக்குள் அழற்சி வந்து புரதம் கசிந்துவிட்டால், டாக்டர் ஸ்லிட் லாம்ப் கருவியின் மெல்லிய ஒளிக்கீற்றைப் பாய்ச்சும்போது, தூசி நிறைந்த அறையில் வெயில் விழுவது போல அந்தக் கீற்றே கண்ணுக்குள் தெரியும். நல்ல கண்ணில் அது தெரியாது. 1911-இல் அந்தக் கருவியை அறிமுகப்படுத்திய ஸ்வீடன் நாட்டு கண் மருத்துவர் அல்வார் குல்ஸ்ட்ராண்டுக்கு, கண்ணின் ஒளியியலுக்காக அதே ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த நீர் நிமிடத்துக்கு இரண்டு மூன்று மைக்ரோலிட்டர் சுரந்து, கார்னியாவும் ஐரிஸும் சேரும் மூலையில் ஒரு சல்லடைத் திசு வழியே வடிந்து, திரும்ப ரத்தத்தில் சேர்கிறது. ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் முன்னறை நீர் முழுவதும் மாறிவிடும். அடைப்பு வந்து வடிவது குறைந்தால் அழுத்தம் ஏறும். 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவு சாதாரணம். அழுத்தம் ஏறினால் அடி விழுவது பின்னால் இருக்கும் பார்வை நரம்புக்கு. கிளாக்கோமா, அதாவது கண் நீர்அழுத்த நோய், வலி இல்லாமல் ஓரப் பார்வையைத் தின்றுகொண்டே வரும். போன பார்வை திரும்பாது. நாற்பதைத் தாண்டியவர்கள், அதிலும் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இந்த நோய் இருந்தவர்கள், கண் அழுத்தத்தையும் நரம்பையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஐரிஸைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அது ரத்தம் உள்ள திசு. வழியில் நிற்காமல் வழிக்கு ஓரமாக நிற்கிறது. நடுவே இருக்கும் துளைதான் பாவை. நீலக் கண்ணில் நீல நிறமி எதுவும் கிடையாது. மெலனின் குறைந்த ஐரிஸில் ஒளி சிதறுவதால் வரும் நீலம் அது. ஆதார் எடுக்கும்போது படம் பிடித்தது இந்த ஐரிஸின் இழையமைப்பை.

லென்ஸுக்கு வருவோம். இதோ எடுத்துவிட்டேன். இந்தச் செய்தித்தாளின் மேல் வைக்கிறேன், முன்வரிசையில் இருப்பவர்கள் எட்டிப் பாருங்கள். எழுத்து பெரிதாகத் தெரிகிறதா? மொச்சைக்கொட்டை அளவு. உயிருள்ள சதை, செல்களால் ஆனது.

செல் என்றால் உள்ளே உட்கரு இருக்கும், மைட்டோகாண்ட்ரியா இருக்கும். அவை ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடிக்கும். லென்ஸின் செல்கள் முதிரும்போது இவற்றையெல்லாம் தாமே கரைத்துவிட்டு, கிரிஸ்டலின் என்ற புரதத்தை மட்டும் நிரப்பிக்கொள்கின்றன. லென்ஸின் எடையில் மூன்றில் ஒரு பங்கு புரதம். உட்கரு போனபின் புதுப் புரதம் செய்ய வழியில்லை, பழையதை அப்புறப்படுத்தவும் வழியில்லை. வெளிப்புறத்தில் புதிய அடுக்குகள் சேர்ந்துகொண்டே போகும். நடுவில் இருப்பது நீங்கள் தாயின் வயிற்றில் இருந்தபோது செய்யப்பட்ட அதே புரதம். எண்பது வயதுப் பாட்டியின் கண்ணில் எண்பது வயதுக்கு மேற்பட்ட புரதம் இருக்கிறது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் ஏறிய கதிரியக்கக் கார்பனை லென்ஸில் அளந்து, ஒருவர் பிறந்த ஆண்டைக் கணிக்கலாம் என்று 2008-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே உத்தியால் 2016-இல் கிரீன்லாந்துச் சுறாக்களின் வயதைப் பார்த்தபோது, மிகப் பெரிய சுறாவுக்குக் குறைந்தது 272 வயது என்று தெரிந்தது.

மாற்றவே முடியாத புரதம் வெயிலிலும் சர்க்கரையிலும் வயதிலும் அடிபட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிறது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்து வெளுப்பதும் இதே ரகம்தான். அதுதான் கண்புரை. அதற்கு முன்பே லென்ஸ் விறைத்துப்போவதால் வருவது வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டியதும் செய்தித்தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிப்போமே, அது.

புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டால் தடித்த கண்ணாடிதான் கதி என்று ஒரு காலம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் விமான விதானத்தின் அக்ரிலிக் சில்லுகள் விமானிகளின் கண்ணில் தைத்தும் கண் அவற்றோடு சண்டை போடாமல் இருப்பதை லண்டனில் ஹெரால்டு ரிட்லி கவனித்தார். 1949 நவம்பர் 29 அன்று அதே வகைப் பொருளில் லென்ஸ் செய்து ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். சக டாக்டர்கள் பலர் அவரை நெடுங்காலம் ஏற்கவில்லை. ஏற்றபிறகும் அந்த லென்ஸின் விலை நம் ஊர் விவசாயிக்கு எட்டாமல் இருந்தது. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தை ஏற்படுத்தி லென்ஸை இங்கேயே செய்ய ஆரம்பித்தது. விலை விழுந்தது. இன்று கிராமத்து முகாமில் வேனில் ஏற்றிப் போய், லென்ஸ் வைத்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்களே, அதன் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

லென்ஸுக்கும் விழித்திரைக்கும் நடுவே இருப்பது இந்தக் கூழ். தட்டில் சரிகிறது பாருங்கள். விட்ரியஸ் என்று பெயர். 98, 99 சதவீதம் தண்ணீர். கொஞ்சம் கொலாஜன், கொஞ்சம் ஹயலுரோனிக் அமிலம். முகத்துக்குப் பூசும் கிரீம் விளம்பரங்களில் வருகிற அந்த அமிலத்தை 1934-இல் முதன்முதலில் பிரித்தெடுத்தது மாட்டுக் கண்ணின் இந்தக் கூழிலிருந்துதான்.

கருவில் இந்தக் கூழின் நடுவே ஒரு ரத்தக் குழாய் ஓடுகிறது. பின்னாலிருந்து புறப்பட்டு லென்ஸைச் சுற்றி வலையாகப் படர்ந்து அதை வளர்க்கிறது. வயிற்றுக்குள் பார்க்க வேண்டியது ஒன்றுமில்லை. குழாய் இருந்தாலும் கெடுதி இல்லை. பிறப்பு நெருங்கும்போது உடம்பே அதைக் கலைத்துவிடுகிறது. மிகச் சீக்கிரம் பிறந்த குழந்தையின் கண்ணைப் பரிசோதித்தால் லென்ஸின் மேல் அந்த வலையின் மிச்சம் தெரியும். எத்தனை வாரத்துக் குழந்தை என்பதை அதை வைத்தே ஓரளவு கணிக்கலாம். கட்டிய குழாயைக் கலைத்து ஒளிக்கு வழிவிடுவதைப் போலத் துப்புரவான வேலையை உடற்கூற்றில் நான் அதிகம் பார்த்ததில்லை.

வயதாக ஆக இந்தக் கூழ் நீர்த்துச் சுருங்கும். கண்முன் கொசு பறப்பது போலத் தெரிவது அந்தச் சுருக்கத்தின் நிழல், பெரும்பாலும் பயமில்லை. ஆனால் திடீரென்று மின்னல் வெட்டு, கரும்புள்ளிகள் கொத்தாக, ஒரு பக்கம் திரை இறங்கியது போல மறைப்பு என்று வந்தால், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கூழ் இழுத்து விழித்திரை கிழிந்திருக்கலாம்.

கூழை வழித்தபின் அடியில் ஈரத்தாள் போல் நழுவுகிறதே, அதுதான் விழித்திரை. எவ்வளவு சுலபமாகக் கழன்று வருகிறது! ஒரே ஓர் இடத்தில் மட்டும் கழல மறுக்கிறது. பார்வை நரம்பு வெளியேறும் இடம். விழித்திரையின் பின்னால் நீலமும் பச்சையுமாக மினுங்குவது ஆட்டுக்கு இருக்கும் பிரதிபலிப்புப் படலம். இருட்டில் ஆட்டின் கண் மின்னுவது அதனால்தான். மனிதருக்கு அது கிடையாது.

விழித்திரையில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு கோடி குச்சி செல்கள், ஐம்பது அறுபது லட்சம் கூம்பு செல்கள். ஒளியை வாங்குபவை இவை. ஆனால் இவை இருப்பது திரையின் கடைசி அடுக்கில், முதுகைக் காட்டிக்கொண்டு. நரம்புச் செல்களின் அடுக்குகளைக் கடந்துதான் ஒளி இவற்றை அடைகிறது. தலைகீழான கட்டுமானம் என்று பலர் கேலி செய்திருக்கிறார்கள். ஆக்டோபஸின் கண்ணில் இவை நேராக, ஒளியைப் பார்த்தபடி இருக்கின்றன.

எனக்கு அந்தக் கேலியில் முழு உடன்பாடு இல்லை. குச்சியும் கூம்பும் பெருந்தீனிக்காரர்கள். குச்சி செல்லின் ஒளி வாங்கும் நுனி ஏறத்தாழ பத்து நாளில் முழுக்கப் புதிதாகிறது. தேய்ந்த பகுதியைப் பின்னால் இருக்கும் நிறமிச் செல்கள் தின்று செரிக்கின்றன. ஒளி பட்டு வடிவம் மாறிய வைட்டமின் ஏ மூலக்கூறைப் பழுதுபார்த்துத் திருப்பி அனுப்புவதும் அவைதான். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண். இந்தத் தீனிக்கெல்லாம் நிறைய ரத்தம் வேண்டும். நிறமிச் செல்களுக்குப் பின்னால் கோராய்டு என்ற அடுக்கில் அது பாய்கிறது. எடைக்கு எடை பார்த்தால் உடம்பிலேயே மிக அதிக ரத்த ஓட்டம் உள்ள திசுக்களில் ஒன்று. பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண் சிவப்பாக விழுகிறதே, அது இந்த ரத்தத்தின் சிவப்பு. குச்சியையும் கூம்பையும் முன்னால் திருப்பினால், இந்த ரத்தக் கடலையும் முன்னால் கொண்டுவர வேண்டியிருக்கும். ரத்தத்தை முன்னால் வைப்பதைவிடத் தெளிந்த நரம்பிழைகளை முன்னால் வைப்பது மேல். அந்த இழைகள்கூடக் கண்ணை விட்டு வெளியேறும் வரை வெள்ளைக் கொழுப்புறை போட்டுக்கொள்வதில்லை.

நரம்பிழைகளுக்கும் கொஞ்சம் ரத்தம் வேண்டுமே. ஆகவே விழித்திரையின் முன் அடுக்குகளில் மெல்லிய குழாய்கள் ஓடத்தான் செய்கின்றன. அவற்றின் நிழல் அசையாமல் ஒரே இடத்தில் விழுவதால் மூளை அதைக் கணக்கில் எடுப்பதில்லை. நாளை காலை தெளிந்த நீல வானத்தைச் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகப் பாருங்கள். சிறு ஒளிப்பொட்டுகள் துள்ளித் துள்ளி ஓடி மறையும். அவை உங்கள் விழித்திரைக் குழாய்களில் போகும் வெள்ளையணுக்கள். பார்வையின் நட்டநடுவில் மட்டும் பொட்டு எதுவும் தெரியாது. மஞ்சள் புள்ளியின் மையக்குழியில் கூம்புகள் மட்டுமே நெருக்கியடித்து நிற்கின்றன. அங்கே அரை மில்லிமீட்டர் அகலத்துக்குக் குழாயே இல்லை. புத்தகம் படிப்பதும் முகம் அடையாளம் காண்பதும் அந்தக் குழியால்தான்.

சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுக்கும் விதமும் இங்கே விளங்கிவிடும். சர்க்கரையால் நுண்குழாய்கள் அடைபடுகின்றன. பட்டினி கிடக்கும் விழித்திரை ரத்தம் கேட்டு வேதிச் செய்தி அனுப்புகிறது. புதுக் குழாய்கள் முளைக்கின்றன. முளைத்துக் கூழுக்குள் நீள்கின்றன, உடைகின்றன. கருவில் காலி செய்த வழியில் மறுபடி ரத்தம். அந்த வேதிச் செய்தியை மறிக்கும் ஊசியைத்தான் இன்று கண்ணுக்குள் போடுகிறார்கள். அதில் ஒன்று, பெருங்குடல் புற்றுநோய்க்கென்று வந்த மருந்து. பார்வை நன்றாக இருக்கும்போதே இந்த மாற்றம் தொடங்கிவிடும் என்பதால், சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து விழித்திரையைக் காட்டிவிட வேண்டும்.

கடைசியாகப் பார்வை நரம்பு. பத்து, பன்னிரண்டு லட்சம் இழைகள் ஒன்று சேர்ந்து கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் குச்சியும் இல்லை, கூம்பும் இல்லை. இடது கண்ணை மூடுங்கள். இரண்டு கட்டைவிரலையும் கை நீட்டி அருகருகே பிடித்து, வலது கண்ணால் இடது விரலையே பாருங்கள். வலது விரலை மட்டும் மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் உள்ளே நகம் மறையும். எதிர்வரிசையில் ஒரு அம்மா சிரிக்கிறார்கள், மறைந்துவிட்டது போலிருக்கிறது. அதுதான் குருட்டுப் புள்ளி.

முழுக் கண்ணையும் மாற்றி வைக்க முடியாதா என்று எந்தக் கூட்டத்திலும் யாராவது கேட்பார்கள், ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2023 மே மாதம் நியூயார்க்கில், உயர் அழுத்த மின்சாரம் தாக்கி முகத்தின் ஒரு பகுதியையும் இடது கண்ணையும் இழந்த ஒருவருக்கு, முகத்தோடு முழுக் கண்ணையும் பொருத்தினார்கள். கண் சுருங்கிவிடவில்லை, அழுத்தம் சரியாக இருக்கிறது, விழித்திரைக்கு ரத்தம் போகிறது. மின்சோதனையில் ஒளிக்கு விழித்திரை பதில் தந்தது என்றுகூடப் பின்னர் தெரிவித்தார்கள். பார்வை வரவில்லை. ரத்தக் குழாயைத் தைத்து இணைக்கத் தெரிந்துவிட்டது. அறுந்த பத்து லட்சம் நரம்பிழைகளை மூளை வரை வளரச் செய்ய இன்னும் தெரியவில்லை.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.